ஏழாம் நாளில் மிக்ஸி

எங்கள் வீட்டு மிக்ஸிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எனக்கு உண்டா என்பது வேறு கேள்வி. அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். மிக்ஸி மதுரையில் வாங்கியது, 750 வாட். புடவைகளுக்கு நடுவே சுற்றி வைத்துப் பெட்டியில் வந்தது. ஜெர்மனியிலும் நம்மூரைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் பிளக்கின் கால்களுக்கு மட்டும் ஓர் அடாப்டர் போதும். நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே 120 வோல்ட். ஊரிலிருந்து கொண்டுபோன மிக்ஸியை நேரே செருகினால் முனகுமே தவிர அரைக்காது. கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மேடையில் வைத்துக்கொண்டு அல்லாடுகிறாள்.

இங்கே கிடைக்கும் பிளெண்டர்களையும் பயன்படுத்திப் பார்த்தேன். பழச்சாறு, சூப்புக்கு நல்ல சாமான்கள். தண்ணீர் அதிகம் விடாமல் தேங்காயும் காய்ந்த மிளகாயும் புளியும் போட்டால் துவையல் ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும். நம்ம மிக்ஸி அதற்கென்றே பிறந்தது. அதன் பிறப்புக் கதையிலும் ஒரு ஜெர்மன் வாசம் உண்டு. 1960களில் பம்பாயில் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்பவரின் வீட்டில் ஜெர்மன் மிக்ஸி ஒன்று இந்தியச் சமையலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனது. மனைவி மாதுரி சொன்ன குறையிலிருந்துதான் அவர் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார் என்பார்கள். வலுவான மோட்டார், நல்ல சுழல்வேகம், கூடவே நல்ல சத்தம். நிமிடத்துக்கு 18,000 சுற்றுகளைத் தொடும் மோட்டார் மௌனவிரதம் இருக்காது.

கீழ் வீட்டில் ஓர் அம்மையார் தனியாக இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற லூத்தரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் தேங்காய்ச் சட்னி அரைத்து முடிக்கவும் அழைப்புமணி அடித்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. இரண்டு விஷயம் சொன்னார்: சத்தமாக இருக்கிறது, இன்று ஞாயிற்றுக்கிழமை. முதலாவதைச் சும்மா சொன்னார், இரண்டாவதை அழுத்திச் சொன்னார். "சனிக்கிழமை நீங்கள் எவ்வளவு அரைத்தாலும் நான் படியேறி வரமாட்டேன்" என்றும் சொன்னார்.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் பிடித்துக்கொண்டது. அதே காது, அதே மோட்டார், அதே சட்னி. கிழமை மட்டும் வேறு. அப்படியானால் அவர் பேசியது காதைப் பற்றி இல்லை.

அவர் பக்கம் சட்டமும் இருக்கிறது, சாதாரணச் சட்டம் அல்ல, அரசமைப்புச் சட்டமே. 1919இல் வைமார் குடியரசு எழுதிய 139ஆம் பிரிவை இன்றைய அடிப்படைச் சட்டம் தன் 140ஆம் பிரிவு வழியாக அப்படியே வாங்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையும் அரசு ஏற்ற பண்டிகை நாட்களும் வேலையிலிருந்து ஓய்வுக்கும் ஆன்மா மேலெழுவதற்கும் உரிய நாட்களாகப் பாதுகாக்கப்படும் என்பது அதன் சாரம். ஆன்மாவுக்குக் கிழமை ஒதுக்கிய சட்டம்! பெர்லினில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று மாநிலச் சட்டம் வந்தபோது கிறிஸ்தவத் திருச்சபைகள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பர் 1 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இதற்கெல்லாம் மூதாதை கி.பி. 321இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் போட்ட ஆணை. நீதிமன்றங்களும் நகரத்துத் தொழில்களும் ஞாயிறன்று ஓய வேண்டும், உழவனுக்கு மட்டும் விலக்கு, பருவம் காத்திருக்காதல்லவா. அடுப்படியைப் பற்றி அந்த ஆணையில் ஒரு பேச்சும் இல்லை. அன்று மன்னர் என்ன சாப்பிட்டார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த ஆணையின் காலத்தை ஒட்டியே பாபிலோனில் யூத அறிஞர்கள் இருவர் என் வீட்டுப் பிரச்சினையைக் கிட்டத்தட்ட அப்படியே பேசியிருக்கிறார்கள். யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முதில், சபாத் என்ற பகுதியில் வருகிறது. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் செய்யக்கூடாத 39 வகை வேலைகளைத் தால்முதின் மூலநூலான மிஷ்னா பட்டியலிடுகிறது. உழுவது, விதைப்பது, பிசைவது, சுடுவது ஆகியவற்றோடு அரைப்பதும் ஒன்று. சரி, வெள்ளிக்கிழமையே நீராலையில் கோதுமையைக் கொட்டிவிட்டு வந்தால்? மனிதக் கை படாமல் தண்ணீர் தானே அரைத்துக்கொள்கிறது, அதில் என்ன தப்பு? கூடாது என்பது மரபு. ஏன் கூடாது என்பதில்தான் சண்டை. சத்தம் கேட்குமே என்றார் ரப்பா. இன்னார் ஆலை ஓய்வுநாளில் ஓடுகிறது என்று ஊர் பேசும், நாளின் மரியாதை போகும். இல்லை, கருவிகளும் அன்று ஓய வேண்டும் என்ற பழைய கொள்கைதான் காரணம் என்றார் ராவ் யோசேப்.

ராவ் யோசேப் சொன்னது எனக்கு அந்நியமாகவே படவில்லை. அது ஆயுத பூஜை. திருமங்கலத்தில் எங்கள் வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அப்பாவின் டேப்பு, சுத்தியல், எங்கள் பாடப்புத்தகங்கள், தையல் மிஷின் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மிக்ஸிக்கும் நெற்றியில் பொட்டு. மறுநாள் விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. சுண்டலுக்கும் பாயசத்துக்கும் வேண்டியதை அம்மா என்ன செய்தாள்? மிக்ஸி பூஜையில் இருந்ததால் கொல்லைப்புற அம்மியில் அரைத்தாள். மிஷினுக்கு ஓய்வு கிடைத்த அன்று அவளுக்கு இரட்டை வேலை. அன்று அது எங்கள் யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

நம் சாஸ்திரம் அரைப்பதை வேறு விதமாகக் கணக்கெடுத்திருக்கிறது. மனுஸ்மிருதி இல்லறத்தான் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாகச் சொல்கிறது: அடுப்பு, அரைக்கும் கல், துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம். எறும்பும் புழுவும் அறியாமல் சாகும் இடங்கள். அந்தப் பாவம் கழிய இல்லறத்தான் தினமும் ஐந்து வேள்விகள் செய்ய வேண்டும். எனக்கு இந்தச் சிந்தனையில் மரியாதை உண்டு. சாப்பிடுகிறவன் கடன்பட்டவன் என்று இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் ஐந்து இடத்தையும் இன்னொரு தடவை பாருங்கள். ஐந்திலும் நிற்பது பெண். பாவம் இல்லறத்தானுடையது, பரிகாரம் இல்லறத்தானுடையது, புண்ணியமும் அவனுக்குத்தான். கல்லுக்கடியில் நசுங்கிய எறும்பு கணக்கில் வந்துவிட்டது. கல்லைச் சுற்றிய கை வரவில்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு ஆட்டுக்கல்லிலிருந்து ஓய்வு கிடைத்தது மாதத்தில் மூன்று நாள்தான், அதுவும் தீட்டு என்ற பெயரில். உடம்பு ஓயட்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஒதுங்கியிரு என்று சொன்னார்கள். அந்த மூன்று நாளும் நின்றபோது இனி ஓய்வே இல்லை என்று அவள் சிரித்ததாக அம்மா சொல்வாள்.

விவிலியம் இந்த இடத்தில் ஒரு படி முன்னே போகிறது. ஓய்வுநாள் கட்டளை அதில் இரண்டு முறை வருகிறது, இரண்டுக்கும் காரணம் வேறு. யாத்திராகமத்தில், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு. உபாகமத்தில், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓயட்டும். இந்த இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் நெருக்கமானது. எகிப்தின் கடைசிப்படியில் இருப்பவள் யார் என்பதற்கு யாத்திராகமமே ஓர் உதாரணம் காட்டுகிறது: அரியணையில் இருக்கும் பார்வோனுக்கு நேர் எதிர்முனையில், திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்து அரைக்கும் அடிமைப்பெண். ஆக, ஏழாம் நாள் முதலில் அவளுக்கு உரியது. திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது உயிரையே அடகு வாங்குவதற்குச் சமம் என்று சொல்வதும் அதே உபாகமம்தான்.

ஆனால் கட்டளை யார் யார் ஓய வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வரும்போது கவனியுங்கள். நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். மனைவி எங்கே? 'நீ' என்பதில் அவளும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். பட்டியலில் கழுதைக்கு இருக்கும் தனி இடம் அவளுக்கு இல்லை. ஸ்டுட்கார்ட்டில் நான் அந்நியளும் மனைவியும். ஒரு வழியாக உள்ளே வருகிறேன், இன்னொரு வழியாக விடுபட்டுப் போகிறேன்.

இயந்திரம் வந்தபின் இந்த விடுபடல் இன்னும் எளிதாகிவிட்டது. கிரேக்கக் கவிஞர் அந்திபாத்தர் நீராலையைப் பாடும்போது, அரைக்கும் பெண்கள் இனி விடிந்த பிறகும் தூங்கலாம் என்று மகிழ்ந்தார். மார்க்ஸ் 'மூலதன'த்தில் அந்தக் கவிதையை எடுத்துக்காட்டி, இயந்திரம் வேலைநேரத்தைக் குறைக்கும் என்று நம்பிய அந்தப் பழைய காலத்தையும், அதே இயந்திரம் வேலைநாளை நீட்டிய தன் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடுப்படியில் நடந்தது அதைவிட நூதனம். ஆட்டுக்கல் இருந்தவரை அப்பத்தாவின் தோள்பட்டை வலி கண்ணுக்குத் தெரிந்தது, முழு மாவுக்கும் ஒரு பிற்பகல் போனது, யாராவது ஒரு பேத்தி கூட உட்கார்ந்து தள்ளிவிட்டாள். மிக்ஸி வந்ததும், 'அதான் மிக்ஸி அரைக்குதே' என்று ஆகிவிட்டது. ஊறவைத்தது, வழித்தது, கழுவியது, மோட்டார் சூடேறி நின்றுபோனால் குனிந்து அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கியது எதற்கும் ஆள் இல்லை. வேலை செய்வது மிஷின். அவள் சும்மா பக்கத்தில் நிற்கிறாள்.

கீழ் வீட்டு அம்மையாரிடம் ஒருநாள் படிக்கட்டில் எரேமியாவை எடுத்துப் பேசினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தது வீண்போகவில்லை. பாழாகப்போகும் நாட்டில் திரிகையின் ஓசை நின்றுபோகும் என்று தீர்க்கதரிசி சாபம்போலச் சொல்கிறார், அப்படியானால் அரைக்கும் சத்தம் உயிருள்ள வீட்டின் அடையாளம் இல்லையா என்று கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எரேமியா திங்கட்கிழமையைச் சொல்லியிருப்பார்" என்றார். இவரோடு எனக்கு நட்பானது அன்றுதான்.

இப்போது சனிக்கிழமை மாலையே அரைத்துவிடுகிறோம், பெரும்பாலும் கணவர். சட்னி மறுநாள் கொஞ்சம் உயிர் குறைந்துதான் இருக்கும், பாதகமில்லை. ஞாயிறு காலை கட்டடம் அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியில் நான் இட்லி ஊற்றுகிறேன், வெங்காயம் நறுக்குகிறேன், சாம்பாருக்குத் தாளிக்கிறேன், பாத்திரம் தேய்க்கிறேன். எதுவும் கீழே கேட்காது. மிக்ஸி ஓடியபோதாவது ஞாயிற்றுக்கிழமையும் இந்த வீட்டில் ஒருத்தி வேலை செய்கிறாள் என்பதற்கு ஒரு சாட்சி இருந்தது. ரப்பா கேட்டது கிடைத்துவிட்டது, நாளின் மரியாதை காப்பாற்றப்பட்டது. ராவ் யோசேப் கேட்டதும் கிடைத்துவிட்டது, கருவி ஓய்கிறது. திரிகைக்குப் பின்னால் இருந்தவளுக்காக உபாகமம் கேட்டதுதான் பாக்கி.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு அந்த அம்மையார் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சர்ச்சிலிருந்து வந்து உடுப்புகூட மாற்றாமல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஷ்பெட்ஸ்லே போட்டுக்கொண்டிருந்தார். முட்டை விட்டு அடித்த மாவைப் பலகையில் பரப்பி, நீளக் கத்தியால் மெல்லிய கீற்றாகச் சுரண்டிச் சுரண்டிக் கொதிக்கும் தண்ணீரில் தள்ளும் வேலை. மகன், மருமகள், பேரன்கள், நான், என் கணவர் என்று மேசை நிறைய ஆட்கள். அடுப்பில் ஒரு பக்கம் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. எங்களுக்குத் தனியாக வெங்காயமும் சீஸும். நெற்றியில் வியர்வை, ஒரு கை இடுப்பில்.

"இன்று ஞாயிற்றுக்கிழமை. இது வேலை இல்லையா?" என்றேன்.

"இது சமையல்" என்றார் திரும்பாமலே. அடுத்த கீற்றைத் தள்ளிவிட்டு, தட்டுகளை எடுத்து வைக்கும்படி என்னிடம் சொன்னார். மகனும் என் கணவரும் அறையில் கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் அவர்கள் இருவரையும் தட்டு எடுக்கக் கூப்பிட்டேன்.