முதுமை நாணத்தக்கதோ?



தோலில் விழும் சுருக்கத்தை ஊசி மருந்தினால் நீக்கிக்கொள்ளுதல் தகுமா? திரிசரணம் ஏற்ற ஒருவர் அவ்வாறு செய்துகொண்டால் அவருடைய சீலத்திற்கு ஊறு நேருமா? இது செல்வர் வீட்டு வினா, நமக்கு இதனால் ஆவதென்ன என்று ஒதுக்குதற்கில்லை. பெங்களூரிலும் மும்பையிலும் சென்னையிலும் இவ்வூசி போடும் நிலையங்கள் பெருகியுள்ளன. மணநாள் குறிக்கப்பட்ட பெண்களும், பிறர் கண்முன் நின்று ஊதியம் பெறும் நடுவயதினரும் அவற்றை நாடுகின்றனர். நம் விகாரைக்கு வருவோரும் நம்மிடம் இதனை வினவுகின்றனர். ஆகவே இதனை ஆராய்தல் நம் கடமையாகின்றது.

ஆராயுமுன் பொருளை உள்ளவாறு அறிதல் வேண்டும். அறியாததைப் பழித்தல் பகுத்தறிவு மார்க்கத்தாருக்கு அழகன்று.

நம் தோலின் உட்படலத்தில் நீரை ஈர்த்து நிறுத்தும் ஒரு பொருள் உண்டு. அதற்கு ஹையலூரானிக் அமிலம் என்று பெயர். 1934-ஆம் ஆண்டில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இரு அறிஞர்கள் நியூயார்க் நகரில் பசுவின் கண்ணிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். எழுபது கிலோ எடையுள்ள மனித உடலில் இப்பொருள் ஏறத்தாழ 15 கிராம் அளவே உள்ளது. அதிற் பாதி தோலில் இருக்கின்றது. உடலிலுள்ள இப்பொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் சிதைகின்றது. சிதைந்த அளவு புதிதாகத் தோன்றுகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலில் இது குறைகின்றது. தோலைத் தாங்கும் கொலாஜன் என்னும் நார்ப்பொருளும் தளர்கின்றது. வெயிலும் புகையிலைப் புகையும் இத்தளர்ச்சியை விரைவாக்குகின்றன. இவ்வாறே சுருக்கம் விழுகின்றது.

'ஸ்கின் பூஸ்டர்' என்று வழங்கும் முறையில், இதே அமிலத்தை ஆய்வுச்சாலையில் ஆக்கி, மெல்லிய ஊசியால் தோலினுள் பல இடங்களில் சிறுசிறு துளிகளாகச் செலுத்துகின்றனர். இது பள்ளத்தை நிரப்பும் 'ஃபில்லர்' ஊசியும் அன்று. தசையை அசையாமல் நிறுத்தும் 'போடாக்ஸ்' ஊசியும் அன்று. தோலுக்கு ஈரமும் வழவழப்பும் தருவதே இதன் நோக்கம். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கன்னத்துத் தோலின் வழவழப்புக்கென 'ஸ்கின்வைவ்' என்னும் இவ்வகை மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. அதன் பயன் ஆறு மாத காலம் நிற்கும் என்பது கணக்கு. பின்னர் மீண்டும் ஊசி, மீண்டும் பணம். பெரும்பாலோர்க்குச் சில நாள் வீக்கமும் கன்றலும் மட்டுமே நேரும். சிலர்க்குக் கட்டி தோன்றும். அரிதாக, மருந்து இரத்தக் குழாயில் நுழைந்து அடைத்துவிடின் அவ்விடத்துத் தசை அழுகலாம். பார்வை இழப்பும் நேரலாம்.

இனிச் சீலத்தை நோக்குவோம். இல்லறத்தார் நாள்தோறும் ஏற்பவை ஐந்து சீலங்கள். கொலை, களவு, பிறழ்ந்த காமம், பொய், மது ஆகியவற்றை விலக்குதலே அவை. முகத்தைப் பேணுதல் இவ்வைந்தினுள் எங்கும் தடுக்கப்படவில்லை. உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்போர் மாலையும் நறுமணமும் பூச்சும் அந்நாளில் விலக்குகின்றனர். அஃது ஒரு நாட் பயிற்சியே. எனவே ஊசி போட்டுக்கொண்டவர் சீலம் கெட்டார் என்று கூறுதற்கு இடமில்லை. அவ்வாறு கூறி எவரேனும் ஒரு பெண்ணை அவைமுன் தலைகுனியச் செய்வாராயின், தீவினை அவரைச் சாரும்.

ஆயினும் 'தடையில்லை' என்பதனாலேயே 'நன்று' என்று ஆகிவிடாது. விநயபிடகத்துச் சுல்லவக்கத்தில் ஒரு விதி உண்டு. பிக்குகள் கண்ணாடியில் முகம் பார்த்தல் ஆகாது என்று பகவான் விதித்தார். பின்னர், முகத்தில் நோயுற்ற பிக்கு ஒருவர் வருந்தியபோது, நோயின் பொருட்டுப் பார்க்கலாம் என்று ஒப்பினார். முகப்பூச்சுக்கும் அவ்வாறே நோயின் பொருட்டு விலக்கு அளித்தார். இதன் நுட்பத்தைக் காணுங்கள். கண்ணாடி ஒன்றே, முகமும் ஒன்றே. பார்க்கும் காரணம் மட்டுமே வேறு. குற்றத்தைப் பொருளில் வைக்காமல் காரணத்தில் வைத்துக் காட்டினார் ததாகதர். தீப்பட்ட தழும்புக்கும், அம்மை வடுவுக்கும், தொழுநோய் விட்டுச் சென்ற சிதைவுக்கும் மருத்துவம் நாடுதல் அறமே. கழிச்சலால் கிடந்த பிக்குவைத் தம் கையாலே நீராட்டிய பெருமான் உடலை வெறுக்கக் கற்பித்தவர் அல்லர்.

அவ்வாறாயின் நாம் நம்மையே வினவ வேண்டிய வினா ஒன்றே: முதுமை ஒரு நோயா?

சங்யுத்த நிகாயத்து ஜரா சூத்திரம் இதற்கு விடை தருகின்றது. சாவத்தி நகரின் கிழக்கு ஆராமத்தில், ஒரு மாலைப் பொழுதில் பெருமான் மேற்கு வெயிலில் முதுகு காயும்படி அமர்ந்திருந்தார். ஆனந்தர் அவருடைய கைகால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அப்போது, பெருமானின் தோல் முன்போல் தெளிவாக இல்லை, உறுப்புகள் தளர்ந்து சுருங்கிவிட்டன, உடல் முன்பக்கம் வளைந்துவிட்டது என்று வியந்து உரைத்தார். பெருமான் அதனை மறுக்கவில்லை, மறைக்கவுமில்லை. இளமையினுள்ளேயே மூப்பும், உடல்நலத்தினுள்ளேயே நோயும், வாழ்வினுள்ளேயே சாவும் இயல்பாக அமைந்துள்ளன என்று அவருக்கு உணர்த்தினார். இவ்வரலாற்றை ஏட்டில் எழுதிவைத்த நம் முன்னோரின் நேர்மையை எண்ணிப்பாருங்கள். பிற சமயத்தார் தம் தெய்வங்களை என்றும் பதினாறு வயதினராகத் தீட்டினர். நம் முன்னோரோ தம் ஆசானின் தோல் சுருங்கியதை மறைக்காமல் எழுதினர். உலகத்திற்கு ஆசானாகிய அவருக்கு வந்த சுருக்கம் இழிவன்று எனின், நமக்கு வருவது மட்டும் இழிவாவது எப்படி?

மணிமேகலைக் காப்பியமும் இதனையே கூறும். காயசண்டிகை வடிவில் இருந்த மணிமேகலை, தன்மீது மயக்கம் கொண்டு வந்த உதயகுமரனுக்கு ஒரு நரை மூதாட்டியைக் காட்டி, அவளுடைய உறுப்புகள் ஒவ்வொன்றும் திரிந்த திரிபை எடுத்துரைக்கின்றாள். மூதாட்டியை இகழ்வதற்காக அன்று; இளவரசனின் மயக்கத்தை அறுப்பதற்காக. திருந்த வேண்டியது காணும் கண்ணே.

மதம் மூவகைப்படும் என்றார் பெருமான்: இளமை மதம், நோயின்மை மதம், வாழ்வு மதம். ஊசி நிலையத்தார் விற்பது முதலாவதாகிய இளமை மதத்தை. பஞ்சாலையில் பணியாற்றிய காலத்தில் நாம் கண்டதொன்று உண்டு. நெய்து முடிந்த மலிந்த துணிக்குக் கஞ்சிப் பசையை ஏற்றி, உருளைகளுக்கிடையே அழுத்தி, மினுமினுப்பாக்கி அனுப்புவர். கடையில் அது கண்ணைக் கவரும். முதல் சலவையிலேயே பசை கரைந்து, நூலின் தரம் வெளிப்படும். உடலுக்கு ஏற்றும் பசையும் அத்தகையதே. ஆறு மாதத்தில் கரையும் பொருளை வாங்கியவர் பொருளோடு அச்சத்தையும் வாங்குகின்றார். 'இது கரைந்தபின் நான் எவ்வாறு தோன்றுவேன்?' என்னும் அச்சம் அவரை விட்டு நீங்குவதில்லை. உடலோ தன்னிடமுள்ள அதே பொருளை நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு அழித்து ஆக்கிக்கொண்டிருக்கின்றது. அநித்தியம் என்னும் தம்மம் நம் கன்னத்துத் தோலுக்குள்ளேயே ஓதப்பட்டுக்கொண்டிருக்க, அதனை ஊசியால் நிறுத்திவிடலாம் என்று எண்ணுதல் பேதைமை அன்றோ?

இங்கே நம் மக்களுக்கென்று தனியே சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தோலைக் காட்டி மனிதனை மதிப்பதும் இகழ்வதும் இந்நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. நம் பாட்டனும் பாட்டியும் பிறப்பால் இழிந்தோர் என்று தள்ளப்பட்டனர். அவர்கள் மேனியின் கருமை, இழிவின் அடையாளமாகப் பேசப்பட்டது. அந்த நாணத்தை உதறவே அயோத்திதாசப் பண்டிதர் 1898-ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். அதனை உதறவே 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கரோடு இலட்சக்கணக்கானோர் தம்மம் ஏற்றனர். அவ்வாறிருந்தும் கடைத்தெரு வேறு பெயரில் அதே நாணத்தை நமக்கு விற்றது. 1975-ஆம் ஆண்டில் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' பசை, நிறம் வெளுத்தால்தான் வேலையும் மணமும் கிட்டும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. 2020-இல் அதன் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறிற்று. பெயர் மாறியபின் நாணம் ஒழிந்ததா? இன்று நிறத்தை வெளுக்க ஓர் ஊசி, சுருக்கத்தை மறைக்க ஓர் ஊசி என்று அது வளர்ந்திருக்கின்றது.

சங்கத்தில் புதிதாகச் சேரும் சாமணேரருக்கு முதலில் ஓதப்படும் தியானப் பொருள் ஐந்து: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். உடலின் முப்பத்திரண்டு கூறுகளில் தோல் ஐந்தாவது. இத்தியானத்தை உடல் வெறுப்பு என்று சிலர் பிழைபட உணர்வர். நாம் அதனைச் சமத்துவப் பாடமாகவே காண்கின்றோம். அரசனுக்கும் அதே முப்பத்திரண்டு. தோட்டிக்கும் அதே முப்பத்திரண்டு. முப்பத்து மூன்றாவதாக உயர்குலத் தோல் என்று ஒன்று அப்பட்டியலில் இல்லை. இதனை அறிந்தவர் எந்தத் தோலையும் வணங்கார். எந்தத் தோலுக்கும் நாணார்.

அண்மையில் தம்ம வகுப்பின் முடிவில் ஒரு சகோதரி வினவினார்: “ஐயா, நான் துணிக்கடையில் நிற்கின்றேன். முகம் வாடிவிட்டது என்று மேலாளர் ஏசுகின்றார். இளம்பெண்களை முன்னே நிறுத்தி என்னைக் கிடங்குக்கு அனுப்பப்போவதாகச் சொல்கின்றார். ஊசி போட்டுக்கொள்ள நினைப்பது தவறா?” இவ்வினாவுக்கு அநித்தியம் என்று ஒரு சொல்லில் விடையிறுத்தல் கொடுமை. பிள்ளைகளின் உணவு அவர் முகத்தைச் சார்ந்து நிற்கின்றது. அவரிடம் நாம் கூறியது இது: “தாயே, உன்னிடம் தவறில்லை. இருபது ஆண்டு நின்று உழைத்த கால்களை மதியாமல் கன்னத்தை அளக்கின்றவரிடமே தவறு. பிழைப்புக்காக நீ எதைச் செய்தாலும் சங்கம் உன்னை இகழாது. ஆனால் கடன் வாங்கிச் செய்யாதே. ஆறு மாதம் கழித்து மேலாளர் மீண்டும் அதையே சொல்வார். அன்று உன்னிடம் சுருக்கமும் இருக்கும், கடனும் இருக்கும். உன் போன்றோர் அக்கடையில் எத்தனை பேர் என்று முதலில் கணக்கிடு. ஒருத்தியாய் அஞ்சுவதைப் பலராய்க் கேட்கலாம்.”

இல்லறத்தான் தன் பொருளை நான்காகப் பகுத்து, ஒரு பகுதியைத் துய்க்கவும், இரு பகுதியைத் தொழிலில் இடவும், ஒரு பகுதியை இடர்க்காலத்துக்கென வைக்கவும் வேண்டுமென்று சிகாலனுக்குப் பெருமான் கூறினார். கடனின்மை ஓர் இன்பம் என்று அனாதபிண்டிகருக்கு உரைத்தார். இவ்வூசியை நாடுவோர் இவ்விரண்டையும் முன்வைத்துத் தம் கணக்கைப் பார்ப்பாராக. எவ்வாறாயினும் நாடுவோர், தோல் மருத்துவம் முறையாகக் கற்ற பதிவுபெற்ற மருத்துவரையன்றி, அழகு நிலையத்தாரிடம் முகத்தைக் கொடாதிருப்பாராக. மகளின் திருமணத்துக்கென இதற்குக் கடன்படும் பெற்றோர், அத்தொகையை அவள் பெயரில் சேமித்து வைப்பாராயின் அவளுக்கு நெடுநாள் துணையாகும். வெயிலில் குடையும், புகையிலை ஒழித்தலும், நல்லுணவும் உறக்கமும் தோலுக்கும் நன்று, உடலுக்கும் நன்று.

நம் இல்லங்களிலுள்ள முதியோரைப் பாருங்கள். தங்கவயலின் சுரங்கத்திலும், ஆலையிலும், சாலைப் பணியிலும் வெயிலும் தூசியும் தின்ற முகங்கள் அவை. அம்முகங்களின் ஒவ்வொரு வரியும் நமக்கு உணவாகவும் எழுத்தறிவாகவும் ஆயிற்று. அவற்றைப் படமெடுத்து வீட்டுச் சுவரில் மாட்டுங்கள், பிள்ளைகள் காணட்டும். முதிர்ந்த முகத்தைக் கண்டு நாணாத வீட்டில் வளரும் பெண், கண்ணாடிமுன் அஞ்சி நிற்க மாட்டாள்.

எல்லா உயிர்களும் நோயின்றி, அச்சமின்றி, நாணமின்றி வாழ்க!

சாது! சாது! சாது!