புளியங்கொட்டையின் விலை

என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது நடந்தபோது, கோடு போட்ட நோட்டு ஒன்றில் அவளுக்கான படிப்புத் திட்டத்தை எழுதினேன். படிப்பு என்றால் எழுத்தும் எண்ணும் அல்ல. கையும் கண்ணும் காதும் வாயும் பழகுவதற்கான விளையாட்டுகள். பக்கத்தின் தலையில் "மாதம் ரூ.300" என்று எழுதி அடிக்கோடிட்டேன். செல்லூரில் வாடகை வீடு. கணவருக்குக் கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும் என் வேலையைப் பிரசவத்தோடு விட்டிருந்தேன். அருகிலிருந்த விளையாட்டுப் பள்ளி ஒன்றின் ஆண்டுக் கட்டணம் எங்கள் ஆறு மாத வாடகைக்குச் சமமாக இருந்தது.

பட்டியல் இப்படிப் போனது: எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, செலவில்லை. தண்ணீர் ஊற்றி அளப்பதற்குக் கொட்டாங்குச்சி, செலவில்லை. கிறுக்குவதற்குத் தினசரி காலண்டரில் கிழித்த தாள், செலவில்லை. நிறம் பிரிப்பதற்குப் பழைய சுங்குடிச் சேலையின் துண்டுகள், செலவில்லை. விரலால் கோடு இழுப்பதற்குத் தாம்பாளத்தில் பரப்பிய அரிசி மாவு, 20 ரூபாய். சிலேட்டும் பலப்பமும் 70. படப் புத்தகம் இரண்டு, 100. ஆக மொத்தம் 190. நோட்டைப் பார்த்த கணவர், "பரவாயில்லையே, செலவே இல்லாம முடிச்சிட்டியே" என்றார். நானும் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், ஒரு முற்பகல். ஐந்து புளியங்கொட்டைகளைக் கழுவித் தரையில் வரிசையாக வைத்து, அவள் விரலைப் பிடித்து "ஒண்ணு, ரெண்டு" சொல்லிக்கொண்டிருந்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். தரையில் நான்குதான் இருந்தன. அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள்.

ஆட்டோ பிடித்து ஓடிய மருத்துவமனையில் சிறு கொக்கி போன்ற கருவியால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து, மூன்று வயதுக்குள் இந்த மாதிரிச் சின்னச் சாமானைக் கையில் தரவே கூடாது என்றார் மருத்துவர். அது சரியான எச்சரிக்கை. பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளைய விட்டுட்டு எங்கம்மா போனீங்க?" என்று கேட்டார். கடையிலிருந்து நேரே ஓடிவந்து பக்கத்தில் நின்ற கணவரிடம் அந்தக் கேள்வி போகவில்லை. அவரிடம், "பார்த்துக்கச் சொல்லுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அத்தை சொன்னார்: "கடையில விக்குற பெரிய பிளாஸ்டிக் சாமானை வாங்கிப் போட்டிருந்தா இந்த வேலையே இல்லத்தா."

அன்று அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. சில நாள் கழித்து யோசித்தபோது, அத்தை சொன்னதில் ஒரு பொருளாதாரம் இருப்பது புரிந்தது. பெரிய பிளாஸ்டிக் கட்டைகளோடு குழந்தையைப் பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சோறு வடிக்கலாம். புளியங்கொட்டையோடு ஒரு கணமும் விட முடியாது. பொருள் எவ்வளவு மலிவோ, அவ்வளவுக்கு ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். கடைக்காரருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தை என் நேரத்தாலும் கவனத்தாலும் நான் கட்டிக்கொண்டிருந்தேன். நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. நானே போட்ட கட்டங்கள் அவை.

"செலவில்லை" என்று எழுதும்போது யாருக்குச் செலவில்லை என்ற கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பதில் வைத்திருக்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் அந்த வேலையில் ஈடுபடவே செய்கிறார். குழந்தைக்கான "எளிய வீட்டுப் பயிற்சி" என்று யார் சொன்னாலும், அது அந்த 299 நிமிடத்தின் மேல் ஏற்றும் சுமைதான்.

என் அம்மா சிம்மக்கல்லில் பூக்கட்டுகிறவர். வியாபாரியிடம் உதிரிப் பூ வாங்கி வந்து வாழைநாரில் கட்டிக் கொடுத்தால் கூலி. எனக்கு எண்ணிக்கை வந்தது அவர் மடியருகில்தான். நான்கு கண்ணி மல்லி, ஒரு கண்ணி கனகாம்பரம், இடையில் மரிக்கொழுந்து. அடுத்து என்ன வரும் என்று கேட்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். இன்று இதற்கு வடிவங்களை அடையாளம் காணும் பயிற்சி என்று பெயர். அம்மா அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

இதை இனிப்பாகச் சொல்லி நிறுத்திவிட எனக்கு மனமில்லை. முகூர்த்த நாட்களில் விரல் வேகமாக ஓட வேண்டியிருக்கும். "தள்ளிப் போடி" என்று ஒதுக்குவார். மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்த பொழுதுகளும் எனக்கு உண்டு. அதே கைகள், அதே நேரம்: பூவுக்குக் கூலி இருந்தது, எனக்குக் கற்றுக்கொடுத்ததற்கு இல்லை. வேலை நெருக்கியபோது எது நின்றுபோனது என்பதில் அம்மாவின் பாசத்தின் அளவு தெரியவில்லை; எதற்குப் பணம் கிடைத்தது என்பதுதான் தெரிந்தது. இன்று பூக்கட்டும் ஒரு பெண் பிள்ளையின் கையில் அலைபேசியைக் கொடுத்துவிட்டு நார் முடிவதைப் பார்க்கும்போது எனக்குக் குறை சொல்ல வாய் வருவதில்லை.

விலை உயர்ந்த விளையாட்டுப் பள்ளிகளின் பலகைகளில் தொங்கும் பெயர் மரியா மாண்டிசோரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தாலியர் என்பதால் பிரிட்டிஷ் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த அவர், அடையாறிலும், பிறகு நம் பக்கத்துக் கொடைக்கானலிலும் வாழ்ந்து பணிசெய்தார். அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் திறந்தது. பெற்றோர் வேலைக்குப் போன பின் குழந்தைகள் சுவர்களையும் படிகளையும் பாழ்படுத்தியதால், பழுது பார்க்கும் செலவுக்கு அவர்களைக் கவனிக்க ஒரு ஆளை வைப்பது மேல் என்று கட்டட உரிமையாளர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கிலிருந்து மாண்டிசோரி வேறொன்றை எடுத்துக்கொண்டார்: தாயின் வேலையில் ஒரு பகுதியை ஊர் ஏற்க வேண்டும், தாய் குற்ற உணர்வில்லாமல் வேலைக்குப் போக வேண்டும். இவர் சொந்தமாக அறிந்த விஷயம் இது. திருமணமில்லாமல் 1898-இல் பிறந்த மகன் மரியோ வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். பதின்வயதில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். ஒரு பெண் குழந்தைக் கல்வியைப் பற்றிச் சிந்திப்பதற்குத் தன் குழந்தையைப் பிரிந்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அந்த வழியை ஏழைகளின் முற்றத்துக்குக் கொண்டுவந்தவர்கள் தாராபாய் மோடக்கும், சிறுமியாக மணமாகிச் சிறுமியாகவே கணவரை இழந்த அனுதாய் வாக்கும். மகாராஷ்டிரத்தின் போர்டியில், பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடி அவர்கள் வாழும் இடத்துக்கே போனார்கள். விதை, இலை, கிளிஞ்சல், மண் என்று அங்கே கிடைத்ததெல்லாம் கற்கும் பொருளானது. அங்கன்வாடி என்ற பெயரும் அந்த முயற்சியிலிருந்து வந்ததே. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த மையங்களில் வேலை செய்யும் பெண்களுக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று அரசு சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆனது. வீட்டில் நான் எழுதிய "செலவில்லை"யின் பெரிய வடிவம் இது. குழந்தையோடு இருக்கும் வேலை பெண்களுக்கு இயல்பாக வருவது, அதனால் கூலியாகக் கொடுக்க வேண்டியதில்லை, மரியாதையாகக் கொஞ்சம் கொடுத்தால் போதும் என்ற நினைப்பு.

மலிவான பொருட்களை நான் குறை சொல்லவில்லை. அவை வேலை செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1986–87-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வளர்ச்சி குன்றிய 129 கைக்குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள், சுகாதாரப் பணியாளர் ஒருவர் போய், வீட்டில் செய்த விளையாட்டுச் சாமான்களால் எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் வருமானம், அந்த உதவி கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் வீட்டில் செய்த விளையாட்டுச் சாமான்களை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கதவைத் தட்டி உள்ளே வந்த, அதற்காகச் சம்பளம் வாங்கிய அந்தப் பணியாளரை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தாய்மார்களுக்குப் பொம்மையோடு சேர்த்து ஒரு துணையும் கிடைத்தது.

சட்டம் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. 2002-இன் 86-ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு "முயல வேண்டும்" என்பதோடு நிறுத்தியது. ஆனால் குழந்தையின் வளர்ச்சி காத்திருப்பதில்லை. அரசு முயன்றுகொண்டிருக்கும் அந்த ஆண்டுகளை யாரோ ஒருவர் நிரப்பித்தான் ஆக வேண்டும். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்டது நம் மாவட்டத்தின் கோட்டாம்பட்டி ஒன்றியத்தை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஊர்ப் பெண்களே எடை போட்டுக் குறித்தார்கள். ஒரு குழந்தையின் எடை அதன் தாயின் சொந்தப் பொறுப்பு மட்டுமல்ல, ஊரின் பொறுப்பு என்று அப்போதே ஒப்புக்கொண்டோம். அதே குழந்தையின் பேச்சும் விளையாட்டும் மட்டும் ஏன் தாயின் தனிப் பொறுப்பாக இருக்க வேண்டும்?

இங்கே ஒரு மறுப்பு எழும், எனக்குள்ளேயே எழுந்தது. பெற்ற பிள்ளையோடு விளையாடுவதற்கும் கணக்கா? மணிக்கணக்கு பார்த்தால் அது பாசமா? இந்தக் கேள்வியை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. அவள் மாவில் விரல் வைத்து முதல் கோட்டை இழுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. எழுதவும் வேண்டாம். ஆனால் எண்ணுவது வேறு, விலை வைப்பது வேறு. எனக்குக் கூலி வேண்டும் என்பதற்காக நான் எண்ணவில்லை. எண்ணாதவரை அந்த நேரம் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததைப் பங்கு போட முடியாது. சாரா ரட்டிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1989-இல் எழுதிய நூலில், தாய்மை என்பது இயல்புணர்ச்சி மட்டுமல்ல, ஒரு வேலை. அந்த வேலையைச் செய்வதால் ஒருவகைச் சிந்தனை உருவாகிறது. ஆணும் அதைச் செய்தால் அவனுக்கும் உருவாகும் என்று வாதிட்டார். எனக்கு அதில் ஆறுதலைவிடக் கோரிக்கைதான் கேட்டது.

நோட்டில் புதுப் பக்கம் எடுத்தேன். பொருள், ரூபாய் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் "எவ்வளவு நேரம்", "யார்" என்று இரண்டு சேர்த்தேன். புளியங்கொட்டையை அடித்தேன், விழுங்க முடியாத நுங்குக் கூந்தலும் மரக் கரண்டியும் வந்தன. "யார்" என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் என் பெயரே விழுந்தது. அதைக் கணவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, ராத்திரி அரை மணி நேரம் நான் பார்க்கிறேன். என்ன பண்ணணும்னு எழுதி வச்சிரு" என்றார். எழுத மாட்டேன் என்றேன். யோசிப்பதும் அந்த அரை மணி நேரத்துக்குள் அடங்கியதுதான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், மகளைத் தோளில் வைத்து வைகைப் பாலத்துக்குக் கூட்டிப்போய், போகிற பஸ்ஸையெல்லாம் நிறம் சொல்லவைத்துக் கூட்டிவந்தார். "அரை மணி நேரம் இவ்வளவு நீளமா இருக்கும்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு வயது முடிந்ததும் அவளைத் தெருமுனைப் பால்வாடியில் சேர்த்தேன். அங்கே டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர், பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். முதல் நாள் டீச்சர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "யார்" என்ற கட்டத்தில் விரல் வைத்துச் சிரித்தார். "எங்களையும் இதுல எழுதுவீங்களா?" என்று கேட்டார். "எழுதுவேன் டீச்சர்" என்றேன். அன்று இரவு எழுதினேன்: பால்வாடி, காலை முதல் பிற்பகல் வரை, டீச்சரும் ஆயாவும். பக்கத்தில் ரூபாய்க் கட்டம் இருந்தது. பழக்கத்தில் "செலவில்லை" என்று எழுதப்போன பேனாவை எடுத்துவிட்டேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.