நான்காவது வைராக்கியம்

வைராக்கியங்கள் மூன்று என்று நம் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். புராணம் கேட்கும்போது வருவது ஒன்று. சுடுகாட்டில் நிற்கும்போது வருவது ஒன்று. பிள்ளைப்பேற்றின் வேதனையில் வருவது ஒன்று. மூன்றுக்கும் ஆயுள் குறைவு. புராணம் கேட்டவன் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே பழைய மனிதனாகி விடுகிறான். சுடுகாட்டில் வந்த ஞானம், குளித்துத் தலை துவட்டியதும் ஈரத்தோடு போய்விடுகிறது.

இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது ஆஸ்பத்திரி வைராக்கியம். சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று அச்சடித்த தாளை டாக்டர் நீட்டும்போது பிறப்பது. 'நாளை முதல் விடியற்காலையில் எழுந்து நடப்பேன்' என்று அந்த இடத்திலேயே மனம் சத்தியம் செய்கிறது. மாலையில் புதிய ஷூ வாங்கப்படுகிறது. முதல் வாரம் நடை நடக்கிறது. இரண்டாவது வாரம் மழை. மூன்றாவது வாரம் உறவினர் வீட்டுக் கல்யாணம். நான்காவது வாரம் ஷூ கட்டிலுக்கு அடியில் ஓய்வெடுத்துக் கொள்கிறது.

இதைச் சோம்பல் என்று சொல்லி முடித்து விடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அதே மனிதர் முப்பது வருஷம் நேரம் தவறாமல் ஆபீசுக்குப் போயிருப்பார். பெண்ணின் கல்யாணத்துக்காக மாதந்தோறும் சீட்டுப் பணம் கட்டியிருப்பார். சோம்பேறியால் இதெல்லாம் முடியுமா? பிறருக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றுகிறார். தமக்குத் தாமே கொடுத்துக் கொண்ட வாக்குத்தான் நிற்க மாட்டேன் என்கிறது. ஏன் என்பதே நாம் யோசிக்க வேண்டிய கேள்வி.

அறிவு போதவில்லை என்று சொல்ல முடியாது. லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களையும், நாள் முழுவதும் படியேறி இறங்கும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெரிமி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1953-லேயே எழுதி விட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிஷமாவது கொஞ்சம் மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எத்தனை அடி நடந்தோம் என்று கைக்கடிகாரமே இன்று கணக்குச் சொல்கிறது. தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்தது மட்டும் ஒருவனைப் படுக்கையிலிருந்து எழுப்பி விடுவதில்லை.

நம்மை எழுப்புபவை பெரும்பாலும் இரண்டு: ஒன்று பயம், மற்றொன்று கண்ணாடி. பயம் பழகிப் போகும். அடுத்த பரிசோதனையில் எண்கள் சற்று இறங்கி விட்டால் பயமும் இறங்கி விடும். கண்ணாடி காட்டும் அழகோ வயதாகிப் போகும். இந்த இரண்டின் மேலும் கட்டிய பழக்கம் நிலைக்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும், இந்தக் கேள்வியோடு கிறிஸ்தவ வேதத்தைப் புரட்டியபோது ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வரும் 'உக்கிராணக்காரன்' என்ற சொல் அது.

கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு நிற்பவரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் அரிசியும் நெய்யும் அவருடையவை அல்ல. ஆகவே அவற்றை வீணாக்க அவருக்கு உரிமை இல்லை. பூட்டிவைத்து அழகு பார்க்கவும் உரிமை இல்லை. பந்திக்கு வேண்டும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். முடிவில் கணக்குச் சொல்ல வேண்டும். உடம்பைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வதன் சாரம் இதுதான் என்று நான் புரிந்து கொண்டேன். உடம்பு நமக்குச் சொந்தமானது அன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் உடம்பை ஆலயத்துக்கு ஒப்பிடுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஓட்டப் பந்தயங்கள் நடந்த ஊர்ப்புறம் அது. வாடிப் போகும் தழைமுடிக்காக வீரர்கள் எவ்வளவு கட்டுப்பாட்டோடு இருக்கிறார்கள் என்று, அந்த ஊராருக்குப் புரியும் உவமையையே அவர் எடுத்துக் கொண்டார். உடம்பைப் பேணுவது தவத்துக்குப் பகையன்று என்று கண்ட நம் திருமூலருக்கும் இது அந்நியமாகத் தோன்றியிராது.

அந்தச் சமயத்திலும் எல்லாரும் உடம்பை இப்படி மதித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. பாலைவனத்துத் துறவிகள் பலர் அதைப் பட்டினி போட்டு வதைத்தார்கள். 1226-ல் மறைந்த அசிசி நகரத்துப் பிரான்சிஸ் தம் உடம்பைச் 'சகோதரக் கழுதை' என்றே அழைத்தார். ஆனால் கடைசிக் காலத்தில் அந்தக் கழுதைக்குத் தாம் மிகவும் கொடுமை செய்துவிட்டதாக அவர் வருந்தினார் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. உலகத்தில் யாரிடமும் கடுமை காட்டாத ஒரு மகான், இறுதியில் தம் உடம்பிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது!

கழுதையை ஆலயமாகப் பார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1844-ல் லண்டனில் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் நாளடைவில் உடல், மனம், ஆன்மா மூன்றையும் ஒரு முக்கோணத்தின் பக்கங்களாக வைத்தது. கூடைப்பந்தும் கைப்பந்தும் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் கண்ட விளையாட்டுகளே. அதன் கிளை நம் ஊரிலும் தழைத்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்று பெரிய மரங்களுக்கிடையே இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுதான்.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்திய வீரர்களை அழைத்துச் சென்றவரும் அந்த பக்தான். அதே பந்தயத்தில்தான் எரிக் லிடெல் என்ற ஸ்காட்லாந்துக்கார இளைஞர் ஞாயிற்றுக்கிழமையில் ஓட மாட்டேன் என்று தமக்கு மிகவும் கைவந்த 100 மீட்டரை விட்டுக் கொடுத்தார். பிறகு 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். இந்தக் கதை பலருக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்குப் பின் நடந்த கதை. புகழின் உச்சியில் இருந்தவர் மறு ஆண்டே சீனாவுக்கு ஊழியம் செய்யப் போய்விட்டார். யுத்த காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், விளையாட்டும் நடத்தினார். ஒலிம்பிக்கிலும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக் கொடுக்காதவர், நடுவர் இல்லாமல் பிள்ளைகள் சண்டையிட்டுக் கொண்டதைக் கண்டு ஞாயிற்றுக்கிழமையிலும் நடுவராக நின்றார் என்று அங்கிருந்தவர்கள் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். தமக்காக ஓடாத நாளில் பிறருக்காக ஓடினார். 1945 பிப்ரவரியில், மூளையில் வளர்ந்த கட்டியால், அந்த முகாமிலேயே இறந்தார். வயது 43.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "அப்படிப்பட்ட உடம்புக்கே இந்தக் கதி என்றால், நடந்து என்ன பயன்?"

நியாயமான கேள்விதான். ஆரோக்கியம் என்பது உழைப்புக்குக் கடவுள் கொடுக்கும் கூலி என்று நினைத்தால் இதற்குப் பதில் கிடையாது. அப்படி நினைப்பதில் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. உடல்நலம் புண்ணியத்தின் அடையாளம் என்றால், நோய் பாவத்தின் அடையாளமாகி விடாதா? படுத்திருப்பவரைப் பார்க்கப் போய், "ஒழுங்காக நடந்திருந்தால் இப்படி வந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் நம்மிடையே இல்லையா? பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையுமே மறுத்து விடுகிறார். தினமும் நடக்கிறவர்கள் மறக்காமல் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டிய இடம் அது.

உக்கிராணக்காரனுக்கு எவ்வளவு பண்டம் ஒப்படைக்கப்பட்டது என்பதல்ல கேள்வி. இருந்ததை அவன் எப்படிக் காத்தான், யாருக்கு எடுத்துக் கொடுத்தான் என்பதே கேள்வி. லிடெல் குறைவாக வாழ்ந்தார். ஆனால் அவர் அறையில் எதுவும் பூட்டிக் கிடக்கவில்லை, எதுவும் வீணாகவும் இல்லை.

இந்த எண்ணம் யாருக்கு உதவுகிறதோ இல்லையோ, நம் வீட்டுப் பெண்களுக்கு உதவும். எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தனக்கென்று அரைமணி நேரம் எடுத்துக் கொள்வது சுயநலம் என்று கூசுகிற தாய்மார்கள் எத்தனை பேர்! உடம்பு அவர்களுடையது மட்டும் என்றால் அந்தக் கூச்சத்துக்கு இடம் உண்டு. ஒப்படைக்கப்பட்ட பொருள் என்றால் அதைக் காப்பது கடமையாகிறது. அந்த அரைமணியை அவர்களுக்கு விட்டுக் கொடுப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமையும் ஆகிறது.

சரி, நடுவில் தவறிப் போனால்? பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். ஒருநாள் தவறியதும், 'நம்மால் முடியாது' என்று முழுவதையும் கைவிட்டு விடுகிறோம். லண்டனில் 96 பேரின் பழக்கங்களைக் கவனித்து ஆராய்ந்தவர்கள் தங்கள் முடிவை 2010-ல் வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தை அப்படி ஒன்றும் கெடுத்து விடவில்லை என்பதையும் கண்டார்கள். கெடுப்பது தவறிய நாள் அல்ல. தவறிய நாளுக்குப் பிறகு வரும் வெட்கம்.

கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் மகனிடம் தகப்பன் கணக்குக் கேட்பதில்லை. ஓடிப் போய்க் கட்டிக் கொள்கிறான். கணக்குக் கேட்கிற எஜமானனும், கணக்கைப் பாராத தகப்பனும் ஒரே நூலில்தான் இருக்கிறார்கள். நீடித்த எந்த நல்ல பழக்கத்துக்கும் இரண்டு பேருமே வேண்டும் என்று நினைக்கிறேன். எஜமானன் இல்லாவிட்டால் தொடங்க மாட்டோம்; தகப்பன் இல்லாவிட்டால் திரும்பி வர மாட்டோம்.

வைராக்கியம் என்பது ஒருநாளும் தவற மாட்டேன் என்று சூளுரைப்பது. அதனால்தான் அது ஒருநாளில் உடைகிறது. திரும்பி வரத் தெரிந்தவனுக்கு அத்தனை பெரிய சூளுரை தேவையில்லை. மழை விட்டபின், கல்யாணம் முடிந்தபின், கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஷூவை எடுத்துத் தூசி தட்டினால் போதும்.