வெள்ளம் வந்தது, மழை பெய்ததா?

மதுக்கரையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். வடக்கே பேரூர் படித்துறைக்குப் போனால் நொய்யலில் செந்தண்ணி நுரைத்துக்கொண்டு வரும். “வெள்ளிங்கிரிப் பக்கம் நல்ல மழையாட்ட இருக்குதுங்க” என்பார் கரையில் நிற்பவர். அவர் மழையைப் பார்க்கவில்லை.

விளைவைக் கண்டு காரணத்தை அறியும் இந்த அனுமானத்துக்கு மணிமேகலைக் காப்பியத்தில் ‘எச்சம்’ என்று பெயர். வஞ்சியில் அளவைவாதி, அதாவது தருக்கம் பேசுபவர், மணிமேகலைக்குச் சொல்லும் உதாரணமும் வெள்ளம்தான். (வஞ்சி கரூரேதான் என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இது கொங்கு நாட்டுப் பாடம்.)

அதே வெள்ளம் அணையைத் திறந்தாலும் வரும்.

கைக்குழந்தைகளின் தலைக்காயத்தில் மருத்துவம் அரை நூற்றாண்டாக மாட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான். வெளியே காயமில்லாமல் மூளையுறைக்குக் கீழ் ரத்தம் கட்டியிருந்தால், யாரோ பிடித்துக் குலுக்கியிருக்கலாம் என்று 1971இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச் எழுதினார். பிறகு விழித்திரைக் கசிவும் மூளை வீக்கமும் சேர்ந்து குலுக்கலின் மூன்று அடையாளங்களாயின. நீதிமன்றப் படியேறியதும் ‘இருக்கலாம்’ உதிர்ந்துபோயிற்று. கடைசியாகக் குழந்தையை வைத்திருந்தவர் கூண்டில் நின்றார். இந்தப் போக்கு சரியில்லை என்று 2012இல் கத்கெல்ச்சே எழுத வேண்டியதாயிற்று.

குலுக்கல் மட்டும் இதைச் செய்யுமா என்று பார்க்க, 1987இல் அமெரிக்காவில் மருத்துவர் ஆன்-கிறிஸ்டின் டுஹைம் குழுவினர் ஒரு மாதக் குழந்தையின் அளவில் பொம்மை செய்து, தலைக்குள் முடுக்கமானி வைத்துக் குலுக்கினார்கள். உச்ச முடுக்கம் சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு. தலையை மோதவிட்டபோது 428 மடங்கு.

பொம்மைக்கு ரத்தம் கட்டாது. குழந்தை மூளை எவ்வளவு தாங்கும் என்ற கணக்கோ விலங்குச் சோதனைகளிலிருந்து பெருக்கி எடுத்தது. ஆக, பயோமெக்கானிக்ஸ் எனும் இந்த விசைக் கணக்கும் அனுமானமே. குலுக்கினால் ஆபத்தில்லை என்றோ, குழந்தையை வதைப்பவர்களே இல்லை என்றோ அது சொல்லவில்லை. 2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ‘குலுக்கப்பட்ட குழந்தை’ என்ற பெயரை விட்டு ‘வன்முறைத் தலைக்காயம்’ என்று சொல்லச் சொன்னது. ‘எப்படி’ பெயரிலிருந்து போயிற்று. ‘யாரோ செய்தது’ மட்டும் நின்றுவிட்டது.

தாழ்ந்த உயரத்திலிருந்து விழுந்து குழந்தை சாகுமா? விளையாட்டுச் சாதனங்களிலிருந்து விழுந்து நேர்ந்த 18 மரணங்களை 2001இல் தடயவியல் மருத்துவர் ஜான் பிளங்கெட் தொகுத்தார். அவற்றில் ஒன்று, 23 மாதப் பெண் குழந்தையின் மரணம். பிளாஸ்டிக் ஏறுசட்டத்தில் சுமார் 70 செ.மீ. உயரத்திலிருந்து, கம்பளம் விரித்த சிமெண்ட் தரையில் தலை பட விழுந்தாள். அழுதாள், பேசினாள், சில நிமிடத்தில் வாந்தி, மயக்கம். மருத்துவமனையில் மூளையுறைக்குக் கீழ் ரத்தம், இரு விழித்திரையிலும் கசிவு. அருகில் இருந்தவர் பாட்டி. அவர் அப்போது வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.