முருகன் வருகிறானா, மனிதன் போகிறானா?

சங்க அகப்பாடல்களில் முருகன் பெரும்பாலும் அழைத்த இடத்துக்கு வந்து இறங்கும் தெய்வம். காதலால் மெலிந்த மகளைத் தெய்வம் தீண்டிவிட்டதோ என்று அஞ்சும் தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கிட்டுக் குறி பார்க்கிறான். களம் அமைத்து, கிடாய் அறுத்து, குருதி கலந்த தினையைத் தூவி, முருகேறி ஆடுகிறான். இதுவே வெறியாட்டு. நோயின் காரணம் தலைவன் என்பது தோழிக்குத் தெரியும். நற்றிணையில் ஒரு தோழி, இது தன்னால் வந்த நோயன்று என்று அறிந்தும் களத்துக்கு வந்துவிட்ட முருகனை, கடவுளென்றும் பாராமல் பேதை என்று கடிந்துகொள்கிறாள். ஏசுவதுபோல் புகழும் பிற்கால நிந்தாஸ்துதி இதற்கு உறவுபோலத் தோன்றலாம். ஆனால் அங்கே ஏசுபவர் பக்தர். இவளுக்கோ அவனிடம் வேண்டிப் பெறுவதற்கு ஒன்றுமில்லை.

திருமுருகாற்றுப்படை திசையை மாற்றுகிறது. நக்கீரர் பாடிய 317 அடிகள் கொண்ட இந்நூல் பத்துப்பாட்டின் முதற்பாட்டு; பதினோராம் திருமுறையிலும் இடம்பெற்றது. பரிசு பெற்ற கலைஞன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. இங்கே வள்ளல் முருகன், பரிசு வீடுபேறு. ஆகவே நடக்கவேண்டியவன் மனிதன். பரங்குன்றம், அலைவாய், ஆவினன்குடி, ஏரகம் என்று வழி நீள்கிறது. ஏரகத்தில் ஈர ஆடையோடு ஆறெழுத்து ஓதும் அந்தணர். குன்றுகளில் தேறல் உண்டு குரவை ஆடும் குறவர். இரண்டையும் ஒரே பாட்டில் வைத்த நக்கீரர் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தவில்லை.

சிக்கல் இறுதிப் பகுதியில் எழுகிறது. காடு, சோலை, ஆற்றிடைக்குறை, நாற்சந்தி, கடம்பமரம், வெறியாடு களம் என முருகன் உறையாத இடமே இல்லை என்பதுபோல் பட்டியல் விரிகிறது. எங்கும் இருப்பவனைத் தேடி ஏன் நடக்கவேண்டும்? நூல் இதற்கு வாதமாக விடை தருவதில்லை. ஒரு காட்சியைக் காட்டுகிறது. நடந்து வந்தவன் முன் முருகன் தன் அச்சுறுத்தும் பேருருவை ஒதுக்கி இளமை வடிவில் தோன்றி, அஞ்சாதே, உன் வரவு முன்பே தெரியும் என்கிறான். தேடிப் போனவனை அவன் எதிர்பார்த்திருந்தான் என்றால், முதல் அடியை எடுத்துவைத்தது யார்?

வேண்டும் பொருளும் மாறிவிடுகிறது. வெறியாட்டில் தாய் கேட்பது மகளின் நலம். பரிபாடலில் முருகனைச் செவ்வேள் என்று போற்றும் பாடல்களில் எஞ்சியவை எட்டு; அவற்றுள் ஐந்தாம் பாடலில் கடுவன் இளவெயினனார் பொருளும் பொன்னும் போகமும் விலக்கி, அருளும் அன்பும் அறனும் இரக்கிறார்.

ஆற்றுப்படையின் வழியில் வரும் ஆவினன்குடிக்கு இன்றும் மக்கள் நடக்கிறார்கள். அது பழனி மலையடிவாரம். அகநானூற்றின் முதற்பாட்டு இம்மலையைப் பொதினி என்கிறது. ஆவியர் குடி ஆண்ட நாடு இது. தைப்பூசத்துக்கு முன்பு பொள்ளாச்சிப் பக்கமிருந்து உடுமலை, மடத்துக்குளம் வழியே பாதயாத்திரைக் கூட்டம் நடக்கும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தக் காவடிகள் வரும். சுடும் பங்குனியில் மலைமேல் முருகனைக் குளிர்விக்கும் நீர் அது.

இந்தத் திருவிழாக்களில் பழைய இரண்டு திசைகளும் ஒன்றாகின்றன. மாலையிட்டு விரதமிருந்து நடப்பவர் ஆற்றுப்படையின் வழியில் போகிறார். மேளம் முழங்கக் காவடி ஆடுகையில் சிலருக்கு அருள் வந்துவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள், சாமி வந்துவிட்டது என்று திருநீறு இடுகிறார்கள். பலியும் குருதியும் இங்கே இல்லை, ஆனால் இறங்கி வரும் தெய்வம் வேலன் களத்தில் கண்ட தெய்வமே. காவடிக்குச் சொல்லப்படும் கதையும் இதற்கு ஒத்தது: இரு மலைகளைத் தோளில் சுமந்து வந்த இடும்பன், முருகனை எதிர்த்து மாண்டு, மீண்டும் உயிர்பெற்று அவனுக்குக் காவலானான். இன்றும் படியேறுவோர் பாதி வழியில் இடும்பனை வணங்கிவிட்டுத்தான் மேலே செல்கிறார்கள்.