வாகனத்தின் முதுகில் உள்ள ஹக்கு



வல்ல நாயன் அல்லாஹுத் தஆலா தன் அடியார்களுக்கு அளித்துள்ள நிஃமத்துகளை எண்ணிக் காட்டும் அந்நஹ்ல் சூராவிலே, குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரத்திற்காகவும் படைத்ததாகக் கூறி, நாம் அறியாத இன்னும் பலவற்றையும் படைப்பதாக அறிவிக்கின்றான். இன்று நம் தெருக்களில் ஓடும் மோட்டார் வாகனங்களும் அந்த அறியாதவற்றில் அடங்கும் என்று பிற்கால முஃபஸ்ஸிரீன்கள் பலர் எழுதியுள்ளனர். எனவே கார் வைத்திருப்பதெல்லாம் துன்யாப் பித்து என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நமக்கு அதிகாரமில்லை. ஸாலிஹான மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார் ஆகியோரோடு சேர்த்து, நல்ல வாகனத்தையும் மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியருளியிருக்கின்றார்கள். அண்டை வீட்டாரும் வாகனமும் ஒரே ஹதீஸில் பக்கத்தில் பக்கத்தில் வந்திருப்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது தேவைப்படும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மேடவாக்கம் பகுதிகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குடியிருப்புகளின் அடித்தளத்தில் நிறுத்தியிருந்த கார்கள் காகிதக் கப்பல்போல் மிதந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. வெள்ளம் வடிந்தபின் ஒரு ஜும்ஆவில், தொழுகை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம். “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. கார் தண்ணியில மூழ்கிடுச்சு. இன்ஷூரன்ஸ் பணம் வாங்கலாமா?” என்று கேட்டார்.

சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பதை நிர்ப்பந்தம் என்ற வகையில் உலமாக்கள் பொறுத்துக்கொள்கின்றனர். நம் விருப்பத்தில் கூடுதலாக எடுப்பதில் அவர்களிடையே பேச்சு உண்டு. அதை அவருக்குச் சொல்லத் தொடங்கி, இடையில் சும்மா ஒரு வார்த்தை கேட்டோம்: “தம்பி, வண்டி எப்படி வாங்கினீர்கள்?” அவர் தலையைக் குனிந்துகொண்டார். விஷயம் இன்ஷூரன்ஸில் இல்லை என்று அப்போதே நமக்குத் தெரிந்துபோயிற்று.

பேங்கில் 8 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 9. ஏழு வருஷத் தவணை. கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதம் ஏறத்தாழ 12,870 ரூபாய், 84 மாதம். ஆக, 8 லட்சத்துக்குத் திருப்பிக் கட்டுவது 10 லட்சத்து 81 ஆயிரம். இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் வட்டியாகப் போகிறது. வட்டி வாங்குபவன் மட்டுமல்ல, கொடுப்பவனும், அதை எழுதுபவனும், சாட்சி நிற்பவனும் ஒன்றே என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை ஓதாத பிள்ளைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். மற்றச் செலவும் சும்மா இல்லை. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் வீதம் 57 லிட்டர் பெட்ரோல். அன்று சென்னையில் லிட்டர் 102 ரூபாய்க்கு மேல், ஆக 5,850 ரூபாய். சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வருஷத்துக்கு 36,000 என்று வைத்தால் மாதத்துக்கு 3,000. மொத்தம் 21,720 ரூபாய். வாங்கும்போது கட்டிய ஆயுட்கால வரி இதில் சேரவில்லை. (அந்த வரியையும் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தினார்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு நூற்றுக்கு 13, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18 என்றாயிற்று.) அவருடைய ஆபீஸோ சோழிங்கநல்லூரில், வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர். கம்பெனி பஸ்ஸும் வாசலுக்கு வருகிறது!

முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். தாம்பரத்தில் இருக்கும் லாத்தாவின் 5 பவுன் நகையை அடகு வைத்தாராம். லாத்தா கணவரை இழந்தவர், பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்று. ஆறு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து இருபது மாதம் கடந்துவிட்டது. முதலில் லாத்தா போன் செய்தால், “மீட்டிங்கில் இருக்கிறேன்” என்றார். பிறகு போனையே எடுப்பதில்லை. இரண்டு பெருநாளுக்கும் போகவில்லை. “எதற்காகத் தம்பி கார் வாங்கினீர்கள்?” என்றதற்கு அவர் சொன்ன பதில் இன்றும் நம் காதில் நிற்கிறது. “சொந்தபந்தத்துக்குப் போய்வரத்தான் ஹஜ்ரத்.”

நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டு அதிகமாகப் பாதுகாவல் தேடுவார்கள். இதன் காரணம் என்ன என்று கேட்கப்பட்டபோது, மனிதன் கடன்பட்டுவிட்டால் பேசும்போது பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். புகாரி ஷரீபில் இடம்பெற்றுள்ள ஹதீஸ் இது. கடனாளியின் கையிருப்புக் குறைவதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனுடைய நாவு கெடுகிறது என்பதையே நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். உறவைத் துண்டிப்பவன் சுவனம் புகமாட்டான் என்ற எச்சரிக்கையும் நமக்கு உண்டு. நாமெல்லாம் உறவைத் துண்டிப்பது என்றால் பங்காளிச் சண்டை, சொத்து வழக்கு என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எடுக்கப்படாத ஒரு போனும் அதில் சேரும் என்று நாம் எண்ணுவதில்லை.

சரி, 5 கிலோமீட்டர் போவதற்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு? துபாயிலிருந்து வந்த சகலை ஒருவர் ஒரு கல்யாணத்துக்குப் புதுக்காரில் வந்து இறங்கினாராம். ஆட்டோவில் வந்து இறங்கிய இவருடைய குடும்பத்தை மண்டப வாசலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். மறுமாதமே இவர் வண்டிக்கு முன்பதிவு செய்துவிட்டார். காரூன் தன் அலங்காரத்தோடு ஜனங்களுக்கு முன் புறப்பட்டு வந்தபோது, இவனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கக்கூடாதா என்று ஏங்கி நின்றவர்களைப் பற்றி அல்கஸஸ் சூராவில் அல்லாஹ் சொல்கின்றான். காரூனைப் பூமி விழுங்கியதைப் பற்றி எத்தனையோ பயான்கள் நடந்துவிட்டன. வாசலில் நின்று ஏங்கியவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்தக் கல்யாண மண்டபத்தின் வாசலில் கார் பார்த்து ஸலாம் சொன்னவர்களையும் நாம் குறை சொல்லாமல் இருக்க முடியாது. மாப்பிள்ளைக்குக் கார் கேட்கும் சம்பந்திகள் நம் ஜமாஅத்துகளில் இன்னும் இருக்கின்றனர். மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன், மணப்பெண்ணின் வாப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுத்த காரில் ஏறி ஊர்வலம் வருகிறான். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே விட்டுவிடுகிறோம்.

இனி முக்கியமான ஹதீஸுக்கு வருவோம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக உள்ளது. குதிரை மூன்று மனிதர்களுக்கு மூன்று வகையாக அமைகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியருளினார்கள். ஒருவருக்கு அது நற்கூலி. ஒருவருக்கு அது திரை. ஒருவருக்கு அது பாவச்சுமை. அல்லாஹ்வின் பாதைக்கென்று அதைக் கட்டி வைத்தவருக்கு, அது மேய்ந்த புல்லும் குடித்த நீரும்கூட நன்மையாக எழுதப்படுகிறது. பெருமைக்கும் பகட்டுக்கும் கட்டி வைத்தவனுக்கு அது சுமை. நடுவில் உள்ளவர், பிறரிடம் கையேந்தாமல் தம் தேவைக்கென்று வைத்துக்கொண்டவர். இவருக்கு மட்டும் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். அந்தக் குதிரையின் கழுத்திலும் முதுகிலும் அல்லாஹ்வுக்குள்ள ஹக்கை அவர் மறந்துவிடக் கூடாது. குதிரை மூன்று பேரிடமும் ஒன்றேதான்!

கழுத்தின் ஹக்கு பற்றி இமாம்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மேய்ந்து வளரும் குதிரைக்கு ஜகாத் உண்டு என்பதற்கு இதையும் ஆதாரமாகக் கொண்டார்கள். மற்ற இமாம்கள் அவ்வாறு கொள்ளவில்லை. நாம் சொந்த உபயோகத்திற்கு வைத்திருக்கும் காருக்கு ஜகாத் கிடையாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதுகின் ஹக்கு என்பது, நடக்க முடியாதவனையும் வாகனம் இல்லாதவனையும் ஏற்றிக்கொள்வது என்று விளக்கம் எழுதியவர்கள் உண்டு. இதற்குத் துணையாக முஸ்லிம் ஷரீபில் அபூஸயீத் (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. ஒரு பிரயாணத்தில் ஒரு மனிதர் வந்து வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் வாய் திறந்து எதையும் கேட்டதாக அறிவிப்பில் இல்லை. உடனே நாயகம் (ஸல்) அவர்கள், உபரியான வாகனம் உள்ளவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்ற கருத்தில் கூறி, இன்னும் பலவகைப் பொருள்களையும் அவ்வாறே எடுத்துரைத்தார்கள். எங்களில் எவருக்கும் உபரிப் பொருளில் உரிமையே இல்லையோ என்று ஸஹாபாக்கள் எண்ணுமளவுக்கு அது இருந்தது.

வலமும் இடமும் திரும்பிப் பார்க்கும் அந்த மனிதரைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. விடியற்காலை பஜ்ருக்குப் பின் பெரும்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு வந்து பாருங்கள். அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் இருந்த குடும்பங்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பின், ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இங்குள்ள எட்டு மாடிக் கட்டடங்களில் குடிவைத்தார்கள். அன்றைய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இவர்களின் பிழைப்போ பழைய இடத்திலேயே நிற்கிறது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் 20, 25 கிலோமீட்டர் போகிறார்கள். 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் பஸ் வர வேண்டுமே! அவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்து நிற்கும்போது, அதே சாலையில், அடுத்த மதில்சுவருக்குள் இருக்கும் அடுக்குமாடிகளிலிருந்து கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஒரு காரில் ஒரு மனிதர். நான்கு ஆசனம் காலி. கண்ணாடி ஏற்றியிருக்கிறது. ஹாரன் மட்டும் வெளியே கேட்கிறது. குரலைத் தாழ்த்து என்று லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை இந்த ஹாரனுக்கும் சேர்த்தே நாம் ஓத வேண்டும்.

அறிமுகமில்லாதவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. காலம் அப்படி. அறிந்த முகங்கள் இல்லையா? பக்கத்துப் பிளாட்டில் டயாலிஸிஸுக்குப் போகும் முதியவர், ஜும்ஆவுக்கு வெயிலில் நடந்து வரும் முஅத்தின், வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டுப் போகும் அம்மா. இவர்களுக்கு ஓர் ஆசனம் கொடுத்தால் வண்டிக்கு என்ன குறை வந்துவிடும்? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கழுதையின் மீதும் பின்னால் முஆத் (ரலி) அவர்களை ஏற்றிக்கொண்டார்கள். பத்ருக்குச் செல்லும்போது ஓர் ஒட்டகத்துக்கு மூன்று பேர் என்று முறைவைத்து, தம் முறை முடிந்ததும் இறங்கி நடந்தார்கள். உடனிருந்த இருவர், தங்களுக்காக நாங்கள் நடக்கிறோம் என்று வேண்டியும் அதை ஏற்கவில்லை.

2024 அக்டோபரில் வானிலை மையம் பெருமழை எச்சரிக்கை விடுத்தவுடன், முந்திய ஆண்டின் அனுபவத்தால், வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. பலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. பொருளை வீணாக்குவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, காப்பாற்றுவது கடமை. தவணை பாக்கியிருக்கும் வண்டி என்றால் பதற்றமும் நியாயமே. ஆனால் பாலத்துக்குப் போகும் வழியில் அந்தக் கார் தரைத்தள வீட்டுப் பாட்டியை மேட்டுப்பகுதியில் இருக்கும் அவர் மகள் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தால், முதுகின் ஹக்கு அன்று நிறைவேறியிருக்கும். அப்படிச் செய்தவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக!

பிறரைச் சொல்லும்போது நம்மையும் சொல்ல வேண்டும். பயானுக்கு அழைக்கும் ஊர்களிலிருந்து நமக்குக் கார் அனுப்புவார்கள். சில வருஷங்களாக அதுவே பழகிவிட்டது. ஒருமுறை ஓர் இளைஞர் தம் பழைய ஸ்கூட்டரில் நம்மை அழைத்துப்போக வந்திருந்தார். ஏறி உட்கார்ந்த நம் மனத்தில், இவர்களுக்கு ஆலிம்களின் மதிப்புத் தெரியவில்லையே என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அன்று நாம் பேச வேண்டிய தலைப்பு பணிவு! இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி எழுதியுள்ளதைப் பல தடவை மாணவர்களுக்கு ஓதிக் காட்டியவர்கள் நாம். ஷாம் தேசம் சென்ற உமர் (ரலி) அவர்களுக்குக் குதிரை ஒன்றைக் கொடுத்தார்கள். அது பகட்டாகக் குலுக்கி நடந்தது, அடித்தாலும் அதிகமாயிற்று. அவர்கள் இறங்கிவிட்டார்கள். தம் மனமே தமக்கு அந்நியமாகத் தோன்றும்வரை தாம் அதிலிருந்து இறங்கவில்லை என்ற கருத்தில் சொன்னார்கள். ஓதிக் காட்டிய நமக்கு, நம் மனம் மாறியிருப்பதைக் காட்ட ஒரு பழைய ஸ்கூட்டர் வரவேண்டியிருந்தது.

அந்தச் சகோதரருக்கு நாம் சொன்னது இவ்வளவுதான். வண்டியைப் பழுதுபார்த்து விற்றுக் கடனை அடைத்துவிடுங்கள். விற்க மனம் வராவிட்டாலும் முதலில் லாத்தாவின் நகை, பிறகுதான் மற்றதெல்லாம். பின்னொரு காலத்தில் கையிலுள்ள பணத்துக்கு ஒரு பழைய வண்டி வாங்குங்கள். லாத்தாவிடம் இன்றே போங்கள், பணமில்லாவிட்டாலும் போங்கள்.

இரண்டு ஜும்ஆ கழித்து வந்தார். வண்டியை இன்னும் விற்கவில்லை. மெக்கானிக்கிடம் கிடக்கிறது. தவணை 62 பாக்கி. ஆனால் தாம்பரத்துக்குப் போய் வந்துவிட்டாராம். “லாத்தா என்ன சொன்னார்கள்?” என்று கேட்டோம்.

“நகையைப் பத்தி ஒண்ணும் கேக்கல ஹஜ்ரத். வெள்ளத்துல புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டுட்டு, சோறு போட்டாங்க. பஸ்ல வந்தியா, கால் வலிக்குதான்னு கேட்டாங்க.”