கைப்பையும் கடப்பாடும்

தீப்பற்றிய விமானத்திலிருந்து வெளியேறும் ஒருவர் தமது கைப்பையையும் எடுத்துச்செல்ல முற்படுகின்றார். அது அவருடைய உடைமை. அதனை எடுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆயின், அதற்குச் செலவாகும் சில செக்கன்கள் யாருக்கு உரியவை? சிறிதாகத் தோன்றும் இவ்வினா ஒழுக்கவியலின் அடிப்படைச் சிக்கல் ஒன்றினைத் தொட்டு நிற்கின்றது.

விமானத்தின் பயணிகள் அறை நீண்டு ஒடுங்கியது. நடைவழியில் ஒருவர் நின்றால் அவர்க்குப் பின்னுள்ளோர் அனைவரும் நிற்பர். வெளியேறும் வாயில்களிற் பாதியே பயன்படுமாயினும், 90 செக்கன்களுள் அனைவரும் வெளியேறக்கூடியதாகப் பெரிய விமானங்கள் அமைதல் வேண்டும் என்பது 1967 முதல் அமெரிக்காவில் உள்ள விதியாகும். தீயினும் விரைந்து கொல்வன புகையும் நச்சு வாயுக்களுமே. 1985 ஓகஸ்ற்றில் மன்செஸ்ரர் விமான நிலையத்தில், வானில் எழாத விமானமொன்றில் 55 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது புகையே. ஆகவே, பையை எடுப்பவர் செலவிடுவது தமது காலத்தையன்று. பின்வரிசையில் இருப்பவரது மூச்சினை.

எனினும், வட்டகொடையில் நின்று நோக்கும்போது இத்தீர்ப்புக்கு ஒரு தடை எழுகின்றது. தோட்டத்து லயத்திலிருந்து புறப்பட்டு, வட்டகொடை நிலையத்தில் புகைவண்டி ஏறி, மத்திய கிழக்கு நாடொன்றிற்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் ஒரு தாயினைக் கருதுக. கடவுச்சீட்டும் ஒப்பந்தப் பத்திரமும் சிறுசேமிப்பும் அவளது கைப்பையிலேயே உள்ளன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை தீர்வுக்குக் காத்திருந்தோரைக் கொண்ட சமூகம் அவளுடையது. தாள் இல்லையேல் ஆள் இல்லை என்பதைத் தலைமுறைகளாக அறிந்த ஒருத்தியைத் தன்னலக்காரி எனப் பழித்தல் நீதியாகாது. ஆயினும், பின்னிருக்கையில் இருப்பவளும் அவளைப் போன்ற மற்றொரு தாயாக இருக்கலாம். இரக்கம் பழியைக் குறைக்கும்; விளைவை மாற்றாது.

அவ்வாறாயின் மாற்றத்தக்கது யாது? மன்செஸ்ரர் விபத்தின் பின், கிரான்பீல்ட் நிறுவனத்தில் ஹெலன் மியூர் முதலியோர் தன்னார்வலர்களைக் கொண்டு வெளியேறற் சோதனைகளை நடத்தினர். முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு 5 பவுண் வழங்கப்படும் என்றபோது, நெருக்குண்டு வாயிலை அடைத்தனர். அப்பரிசு இல்லாதபோது ஒழுங்காக வெளியேறினர். மாந்தர் இயல்பாகவே நல்லவரோ தீயவரோ என்பதினும், எந்நிலையில் அவர்களை நிறுத்துகின்றோம் என்பதே முதன்மையானது என இது உணர்த்துகின்றது. 2024 சனவரி 2இல் தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், ஓடுபாதையில் நின்ற சிறு விமானத்துடன் யப்பானியப் பயணிகள் விமானம் மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்திலிருந்த அறுவருள் ஐவர் இறந்தனர். பயணிகள் விமானத்தின் எட்டு வாயில்களில் மூன்றே பயன்பட்டன. எனினும் அதிலிருந்த 379 பேரும் தப்பினர். பெரும்பாலோர் பைகளை விட்டே வெளியேறினர். பணியாளர்தம் பயிற்சி அங்கு அறமாகத் தொழிற்பட்டது. நற்பண்பு பழக்கத்தால் உருவாவது என்று அரிஸ்டோட்டில் கூறியதன் பொருள் இங்கு விளங்கும். தீ மூண்ட பின் அறத்தை ஆராய நேரமில்லை. அது முன்னரே கைவந்திருத்தல் வேண்டும்.

லயமும் ஒரே கூரையின் கீழ் நீண்டு செல்லும் அறைவரிசையே. ஒரு காம்பராவிற் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவும். அங்கும் பிறப்புச் சான்றிதழுக்காகத் தீயினுள் திரும்ப மனம் உந்தும். விமானத்திற் புறப்படுமுன் வாயில்களைச் சுட்டிக்காட்ட ஒருவர் உளர். இஸ்தோப்பில் நின்று அதனைக் கற்பிப்போர் அரியர். பயிற்சி ஒருபுறமிருக்க, மற்றொரு கடப்பாடும் உண்டு. எல்லாவற்றையும் விட்டு ஓடுக என்று ஒருவரிடம் கேட்கும் சமூகம், விட்டவற்றைத் தாமதமின்றி மீட்டளிப்போம் என்ற உறுதியையும் அவருக்கு அளித்தல் வேண்டும். சாம்பலான சான்றிதழுக்காக அலுவலகந்தோறும் அலைய வேண்டியதில்லை என்று அறிந்தவரே கைப்பையை எளிதில் விடுவர். அவ்வுறுதியை அளிக்காதோர் அவரைக் குறைகூறும் தகுதியை இழந்தோராவர்.